சாக்ஸபோன் பார்த்துச் சொல்கிறவன்

பழைய சாக்ஸபோன் ஒன்றை வாங்கலாமா வேண்டாமா என்று பார்த்துச் சொல்வதுதான் என் வேலை. உண்மையைச் சொன்னால் விற்க வந்தவர் கோபிப்பார், சொல்லாவிட்டால் வாங்கியவர் ஆறு மாதம் கழித்து வாசலில் வந்து நிற்பார். கல்முனையில் இருபத்தேழு வருடம் பள்ளிக்கூட பேண்ட் பழக்கிவிட்டு ஓய்வு பெற்றேன். ஓய்வு என்ற சொல்லை நம்பினேன். பழைய மோட்டார் சைக்கிளையோ வரன் ஜாதகத்தையோ "ஒருக்காப் பாத்துச் சொல்லுங்க" என்று உங்களிடம் யாராவது நீட்டியிருந்தால், என் பாடு உங்களுக்குப் புரியும்.

புளி போட்ட வெண்கலம்

சாய்ந்தமருது நிஸ்தார் நானா மீன்பிடி வள்ளங்கள் வைத்திருப்பவர். தான் படித்த பள்ளிக்கூடத்துக்கு அன்பளிப்பாகக் கொடுக்க, கத்தாரில் இருக்கும் கூட்டாளி மூலம் டெனர் என்ற கனத்த குரல் வகையில் ஒரு வெண்கலச் சாக்ஸபோன் எடுப்பித்திருந்தார். வெண்கல உடம்பு வழக்கமான பித்தளையைவிடக் கொஞ்சம் சிவந்த நிறமாக இருக்கும். சத்தமும் அதற்கேற்றபடி அடர்த்தியாக வரும். அப்படி ஒன்று கைக்கு வருகிறதே என்று நானும் ஆசையோடு பெட்டியைத் திறந்தேன். புளிவாசம் அடித்தது.

சிவப்பு நிறத்தைக் களிம்பு என்று நினைத்து, இரண்டு நாள் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள். துளைகளை மூடும் தோல் பேட் எல்லாம் புளித்தண்ணீரில் ஊறி உப்பிக் கிடந்தன. ஊதினேன். மேல் சுரங்கள் ஏதோ வந்தன. கீழே இறங்க இறங்கக் காற்றுத்தான் போனது. "என்ன நானா இப்பிடிச் செய்திட்டீங்க?" என்றேன். அவர் முகம் வாடிப்போனது. "பள்ளிக்கூடத்துக்குக் குடுக்கிற சாமான் மாஸ்டர், ஊத்தையோட குடுத்தா மரியாத இல்லதானே?"

நல்ல நிலையில் உள்ளது

புதிய பேட் கொழும்பிலிருந்து வரவேண்டும். அதற்குள் பள்ளிக்கூட அதிபர் வந்துவிட்டார். இரண்டு நாளில் புதிய மண்டபத் திறப்பு விழா; அன்பளிப்புச் சாமான் மேடையில் இருக்க வேண்டும்; "நல்ல நிலையில் உள்ளது" என்று நான் ஒரு கடிதம் தரவேண்டும். பாதிச் சுரம் பேசாது, கடிதம் தரமாட்டேன் என்றேன். நாலு தரம் சொன்னேன். கடிதம் இல்லாமலே சாக்ஸபோனைத் தூக்கிக்கொண்டு போனார். பேண்டுக்குப் பொறுப்பான ஆசிரியர் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு சும்மா நின்றால் போதும் என்பது ஏற்பாடு.

பிரதம விருந்தினருக்கு அது தெரியாது. "எங்க, இதில ஒண்டு ஊதுங்க பாப்பம்" என்று கேட்டுவிட்டார். அந்த ஆசிரியர் பாவம், கண்ணை மூடிக்கொண்டு ஊதியிருக்கிறார். தொண்டை கட்டிய மாடு கத்தினதுபோல ஒரு சத்தம் மண்டபம் முழுக்கப் போயிருக்கிறது. அடுத்த நாள் அதிபரே சாமானைத் திருப்பிக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். "அல்லாஹ் காப்பாத்தினான் மாஸ்டர், எல்லாரும் மைக் பழுதெண்டு நினைச்சிட்டாங்க."

வாட்ஸ்அப்பில் வந்த டெனர்

நாவிதன்வெளியிலிருந்து ஒருவர், வரமுடியாது, வயல் வேலை, வாங்கப்போகும் டெனரின் சத்தத்தைப் பதிந்து அனுப்புகிறேன், கேட்டுச் சொல்லுங்கள் என்றார். அனுப்பினார். நானும் ஜன்னலைச் சாத்தி, போனைக் காதோடு வைத்து மூன்று தரம் கேட்டேன். கீழ்ச் சுரம் உறுதியாகத்தான் இருந்தது, ஆனால் ஒரு நடுக்கம். ஏதோ கம்பி கழன்றிருக்கிறது, வாங்கவேண்டாம் என்று அழைத்து விளக்கமாகச் சொன்னேன். மறுபக்கத்திலிருந்து பதில் வந்தது: "அது வாட்டர் பம்ப் மாஸ்டர், நான் இன்னும் ஊதத் தொடங்கல்ல."

பிலிப் அண்ணனின் மூச்சு

பாண்டிருப்புப் பக்கம் பிலிப் அண்ணனைத் தெரியாத கல்யாண வீடு இல்லை. நாற்பது வருடம் வெண்கல டெனர் ஊதியவர். நெஞ்சில் ஒப்பரேசன் செய்தபிறகு, இனி வாயில் வைக்கவே கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். அண்ணன் குளியலறைக்குள் ஒளித்து ஊதியிருக்கிறார். மனைவி ரோஸ்மேரி அக்கா கதவைத் தள்ளிப் பார்த்தபோது மூச்செடுக்க முடியாமல் நிலத்தில் கிடந்திருக்கிறார். அன்றைக்கே விற்க முடிவெடுத்துவிட்டார் அக்கா. வாங்க மட்டக்களப்பிலிருந்து கிருபா என்ற பேண்ட்காரன் வந்தான். மூன்று பேரும் என் வீட்டுக்கு வந்தார்கள்.

அக்கா உள்ளே போனதும் அண்ணன் என் கையைப் பிடித்தார். "தம்பி, காத்துப் போகுதெண்டு ஒரு சொல் சொல்லிருங்க."

நான் சின்ன பல்ப் ஒன்றைக் குழாய்க்குள் இறக்கி, அறையை இருட்டாக்கிப் பார்த்தேன். பேட் பொருந்தாத இடத்தில் வெளிச்சம் எட்டிப் பார்க்கும். ஒரு பொட்டு வெளிச்சம் வரவில்லை. பிறகு ஊதினேன். அடிச் சுரத்திலிருந்து மேல்வரை, பாட்டு ஒன்றுமில்லை, சும்மா நீளச் சுரங்கள். என் மூச்சு அவ்வளவு நல்லதல்ல. அந்த வெண்கலம் அதையும் தாங்கிக்கொண்டு பேசியது. பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "ஒரு குறையும் இல்ல" என்றேன். அண்ணன் நிலத்தைப் பார்த்தார். கிருபா பெட்டியை எடுக்கக் கைநீட்டினான்.

நான் ஊதியதைக் கேட்டு ரோஸ்மேரி அக்கா உள்ளேயிருந்து வந்து என் கழுத்திலிருந்து சாக்ஸபோனைக் கழற்றி எடுத்தார். கண் கலங்கியிருந்தது. "விக்கல்ல" என்றார். வாயில் வைக்கும் முனையை மட்டும் உருவி என் கையில் தந்தார். "இது உங்களிட்ட இருக்கட்டும் மாஸ்டர். இந்த மனிசனுக்கு ஊதவேணும்போல வந்தா, சாமானைத் தூக்கிக்கொண்டு இஞ்ச வரட்டும். நீங்க ஊதிக் காட்டுங்க."

கிருபா என்னை முறைத்துவிட்டு பஸ் ஏறிப் போனான். இப்போது ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்ததும் அண்ணன் சாக்ஸபோனோடு வந்து கதிரையில் சாய்ந்துகொள்கிறார். நான் மூச்சு முட்ட ஊதுகிறேன். அவர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டுச் சொல்கிறார்: "நாலாவது கிழமையும் அதே பிழைதான் தம்பி, கீழ்ச் சுரத்துக்கு மூச்சு விடச் சோம்பல்படுறீங்க."

நான் தீர்ப்புச் சொல்வதென்னவோ சாக்ஸபோன்களுக்குத்தான், அப்பீல் கேட்டு வருகிறவர்கள் மட்டும் மனிதர்களாக இருக்கிறார்கள்.