பின் பெஞ்சு

பினாங்கில் பாயான் லெப்பாஸ் மின்னணுத் தொழிற்சாலையில், சோதனையில் தோற்ற சர்க்யூட் போர்டுகளைப் பழுதுபார்ப்பது என் வேலை. ஓர் இடத்தில் ஈயம் சரியாகப் பிடிக்கவில்லை என்று முழு போர்டையும் ஒதுக்கினால் சூப்பர்வைசருக்குக் கோபம் வரும். "சரி பண்றது எவ்ளோ மலிவு. தூக்கிப் போட்டா கம்பெனிக்குத்தான்லா நஷ்டம்," என்பார். இருபது வருடமாக நான் எதையும் சுலபமாகத் தூக்கிப் போட்டதில்லை.

என் தம்பி போதைப் பழக்கத்தை விடுவதற்காகத் தினமும் காலையில் அரசாங்கக் கிளினிக்கில் மருந்து குடித்துவிட்டு, கார் கழுவும் கடைக்கு வேலைக்குப் போவான். ஏழு மாதம் ஒழுங்காக இருந்தவன் ஒரு நாள் மறுபடியும் போதையைத் தொட்டுவிட்டான். மறுநாளே போலீஸார் சாலைத் தடுப்பில் பிடித்துச் சிறுநீரைச் சோதித்தார்கள். அவன் யாரையும் அடித்ததில்லை. திருடியதுமில்லை.

கிளினிக்கில் மருந்து ஊற்றித் தரும் நர்ஸ் மிஸ்ஸி என்னிடம் சொன்னார்: "கோர்ட்ல கேப்பாங்கக்கா. நான் பாத்துக்கிறேன், மருந்துக்கு அனுப்புறேன்னு எழுந்து சொல்லுங்க. விட்டாலும் விடுவாங்க. அவன உள்ள வெச்சு சோறு போட்டு, காவல் போடுற காசுல இங்க எத்தன பேருக்கு மருந்து குடுக்கலாம்."

நீதிமன்றத்தில் பின் பெஞ்சில் உட்கார்ந்தேன். எங்கள் ஃபிளாட்டின் கீழ்வீட்டு அக்கா, மகனின் மோட்டார் சைக்கிள் அபராதச் சம்மனுக்காக வந்தவர், பக்கத்தில் அமர்ந்தார்.

"நீ எங்க இங்க?"

"சும்மா, ஒரு சம்மன்க்கா."

என் தம்பியைத் தெரியாத அவர் கைதிகளின் வரிசையைக் காட்டினார். "எல்லாம் போதக் கேசுங்க. இதுங்க வீட்டு ஆளுங்க மூஞ்சிய எங்க கொண்டுபோய் வெச்சுக்குவாங்களோ."

தம்பியின் முறை வந்தது. குடும்பத்தார் யாராவது உண்டா என்று மாஜிஸ்திரேட் மலாயில் கேட்டார். தம்பி திரும்பிப் பார்த்தான். நான் குனிந்து கைப்பையின் ஜிப்பைத் திறந்தேன், மூடினேன்.

எட்டு மாதம் சிறை.

பூட்டுக்கும் காவலுக்கும் சோற்றுக்கும் அரசாங்கம் செலவழிக்கிறது. என் சம்பளத்தில் பிடிக்கும் வரியும் அதில் சேர்த்திதான். கார் கழுவும் கடையில் வேறு ஆளை எடுத்துவிட்டார்கள்.

போன மாதம் சிறையில் பார்க்கப் போனேன். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் போனை எடுத்தவன், முதலில் அதைத்தான் கேட்டான்.

"அன்னிக்கு கோர்ட்டுக்கு வந்தியாக்கா? பின்னால யாரோ உன்ன மாதிரியே இருந்துச்சு."

"லீவு கிடைக்கல," என்றேன்.

"அதான் நானும் நெனச்சேன்," என்றான். "நீ வந்திருந்தா எழுந்து சொல்லியிருப்ப."