இடுக்கில் உரசல்

எண்ணூரிலிருந்து வரும் ஸ்பீக்கர்களை மஜீது திறக்காமலே கண்டுபிடித்துவிடுவார். ஸ்பீக்கரின் முகத்தில் கூம்பாக இருக்கும் கோன் தாளின் மேல் நான்கு விரல்களைச் சமமாக வைத்து மெல்ல அழுத்துவார். நல்ல ஸ்பீக்கர் என்றால் தாள் சத்தமில்லாமல் உள்ளே போய்த் திரும்பும். எண்ணூர்ப் பெட்டி உரசும். அங்கே அனல்மின் நிலையத்திலிருந்து காற்றில் வரும் சாம்பலில் இரும்பு உண்டு. ஸ்பீக்கரின் காந்தம் அதை இழுத்துக்கொள்ளும். காந்தத்துக்கும் கம்பிச் சுருளுக்கும் நடுவில் தலைமுடி அளவுக்குத்தான் இடுக்கு. அதில் வருடக்கணக்காகச் சாம்பல் சேரும். பாட்டு கரகரக்கும். செட்டே போய்விட்டது என்று நினைத்து வீட்டுக்காரர்கள் தள்ளிவிடுவார்கள். மஜீது வாங்கிக்கொள்வார்.

பிறகு தின்னர் தொட்டுப் பசையை இளக்கிக் கோனைப் பிரித்து எடுப்பார். இரண்டு பக்கமும் பசையுள்ள வெள்ளை டேப்பை மடித்து இடுக்கில் விட்டு ஒரு சுற்று சுற்றுவார். டேப் கறுத்து வெளியே வரும். வெள்ளையாக வரும்வரை திரும்பத் திரும்ப விடுவார். மறுபடி கோனை ஒட்டி, அழுத்தி, காதைக் கிட்டே கொண்டுபோய்க் கேட்பார். உரசல் இல்லையென்றால் விற்கலாம்.

கல்மண்டபத்தில் அவர் கடை ஒரு ஷட்டர் அகலம். அதற்குமுன் தண்டையார்பேட்டையில் ஒரு மைக்செட்காரரிடம் பதினெட்டு வருடம் இருந்தார். கல்யாணம், கந்தூரி, கட்சிக் கூட்டம், காதுகுத்து என்று ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பார். தலைக்குமேல் குழாய் ஸ்பீக்கர் கத்தும். அப்போது காதுகளைப் பற்றி அவர் நினைத்ததில்லை. சொந்தக் கடை போட்டபோது வீட்டு செட்டுகளுக்கு மவுசு இருந்தது. டெக், ஆம்ப், ஆளுயரப் பெட்டி. படகுக்காரர்கள் வாங்கினார்கள், துறைமுக குமாஸ்தாக்கள் வாங்கினார்கள். எல்லோர் கைக்கும் செல்போன் வந்த பிறகு யாரும் வாங்கவில்லை. பழைய செட்டுகளைத் தேடிவருகிறவன் ஜெரி ஒருவன்தான். முப்பத்திரண்டு வயது, ராயபுரத்துக்காரன். நகரின் தெற்கே, பாட்டு கேட்பதற்கென்றே வீட்டில் தனி அறை வைத்திருக்கிறவர்களுக்கு விற்றுக்கொடுப்பான். மாதத்துக்கு ஒருமுறை ஆட்டோவில் வருவான். மூன்று வருடமாக மஜீதின் வீட்டில் அடுப்பு அவனால் எரிந்தது.

காது போய்க்கொண்டிருப்பது மஜீதுக்கு இரண்டு வருடமாகத் தெரியும். ஆஸ்பத்திரியில் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்துப் பார்த்த டாக்டர் ஒரு காகிதத்தில் கோடு போட்டுக் காட்டினார். கோடு பாதியில் கீழே இறங்கியது. நரம்பு, போனது திரும்பாது என்றார். மனைவி மலிகாவைத் தவிர வேறு யாரிடமும் மஜீது சொல்லவில்லை. ஜெரிக்குத் தெரிந்தால் அன்றோடு வேலை முடிந்தது. ஸ்க்ரூடிரைவரின் முனையை ஸ்பீக்கரின் இரும்பில் வைத்து, பிடியைப் பல்லால் கடித்துக் கேட்கப் பழகினார். தாடை வழியாகச் சத்தம் வந்தது. ஒரு வருடம் அது போதுமாக இருந்தது.

போன மாதம் ஜெரி ஒரு ஜோடியைத் திருப்பிக் கொண்டுவந்தான்.

“பாய், இத்த கேட்டுட்டுதான் குட்தியா?”

“கேட்டுட்டுதான் குட்தேன்.”

“ஒரசிகினு கீது. அந்த ஆளு எதிர்ல என் மானமே போச்சி. உங்கிட்டேந்து இப்டி வந்ததே கெடியாது. இன்னோர் தபா வந்துச்சின்னா நான் வேற எடம் பாக்கணும் பாய். சொல்லிட்டேன்.”

மஜீது அதை மறுபடி பிரித்தார். இடுக்கில் சாம்பல் இருந்தது. அவருக்குக் கேட்டிருக்கவில்லை.

இந்த மாதம் ஜெரியின் ஆட்டோ கடை வாசலில் நின்று ஹாரன் அடித்தது. மஜீது முதுகைக் காட்டி உட்கார்ந்து ஒரு கம்பியை ஈயம் வைத்துப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். காசிமேட்டில் மீன் எடுத்துக்கொண்டு வந்த நீலா கூடையோடு கடைக்குள் தலையை நீட்டினாள்.

“யோவ் பாய், உன் ஆளு ஆரன் அடிச்சிகினே கீறான். காதுல இன்னா பஞ்சா வச்சி அடச்சிகினு கீற?”

“கேக்குது கேக்குது. வேலையா கீறாரு,” என்று கடைக்குள் உட்கார்ந்திருந்த மலிகா அவசரமாக எழுந்தாள். “நீ போய் உன் மீன வில்லு.”

“நான் வித்துக்கறேன். நீ ஒரு சங்கு வாங்கி வச்சிக்க. சோறு போடறப்ப ஊது,” என்று நீலா போய்விட்டாள்.

ஜெரி போர்வையில் சுற்றிய இரண்டு பெட்டிகளை இறக்கினான்.

“பெரம்பூர்ல ஒரு வாத்தியார் வூட்டு பொட்டி பாய். நாப்பது வருஷம் போர்வ போத்தியே வச்சிகினு இருந்தாரு. பொண்டாட்டிய கூட அப்டி வச்சிகினு இருக்கமாட்டாரு.”

அவன் சிரித்ததைப் பார்த்து மஜீதும் சிரித்தார்.

“கண்டென்சர் மட்டும் மாத்து. கோன் பக்கம் போவவே போவாத. தாளு ஒரிஜினலு. வாங்கறவரு அதுக்கோசரம்தான் வாங்கறாரு. வெள்ளிக்கெழம வரேன்.”

பெட்டிக்குள் பழசாகிப்போன கண்டென்சர்களை மாற்ற ஒரு மணி நேரம் ஆனது. ஆம்பில் இணைத்துப் பாட்டு வைத்தார். இடது பெட்டியில் உரசல் கேட்டது. விரல் வைத்து அழுத்தினார். உரசியது. ஸ்க்ரூடிரைவரைக் கடித்தார். இன்னும் தெளிவாக உரசியது. மலிகாவைக் கூப்பிட்டார்.

“கேக்குதா?”

“பாட்டு கேக்குது.”

“பாட்டுக்கு அடில. கர்ருனு.”

அவள் குனிந்து கேட்டாள். “அடில ஒண்ணும் இல்லியே. சோக்காதான் கீது.”

“கொழம்புல உப்பு ஏறிச்சா கொறஞ்சிச்சான்னே உனுக்குத் தெரியாது. காதுல இன்னா தெரியப் போவுது?”

“துன்றவருக்குத் தெரிஞ்சா போதும்,” என்றாள். போகத் திரும்பியவள் நின்றாள். “வேணாங்க. அந்தத் தம்பிதான் தொடாதன்னுச்சே.”

“ஒரசலோட குட்தா அவன் திரும்ப வரமாட்டான்.”

அவள் வாசல் பக்கம் போய்விட்டாள்.

தின்னர் எடுத்தார். நாற்பது வருடத்துத் தாள். தின்னர் பசையோடு நிற்காமல் தாளுக்குள்ளும் ஊறியது. கோன் விளிம்பில் இரண்டு விரல் நீளத்துக்குக் கிழிந்தது. அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று டேப்பை இடுக்கில் விட்டுச் சுற்றி எடுத்தார்.

வெள்ளையாக வந்தது.

புது டேப் மடித்து இன்னும் ஆழமாக விட்டார். அதுவும் வெள்ளை. அப்படியென்றால் உரசல் வலது பெட்டியில் இருந்திருக்க வேண்டும், இரண்டும் பக்கத்தில் இருந்ததால் காது மாறிவிட்டது என்று தோன்றியது. வலது பெட்டியையும் பிரித்தார். இந்தமுறை தாள் கிழியவில்லை. டேப் வெள்ளையாக வந்தது.

ஆம்பை அணைத்தார். உரசல் இருந்தது. பிளக்கைப் பிடுங்கினார். இருந்தது. தெருவில் ஏதோ வண்டி என்று வெளியே எட்டிப் பார்த்தார். துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றிருந்தன. இன்ஜின்களை அணைத்துவிட்டு டிரைவர்கள் நிழலில் படுத்திருந்தார்கள். இரண்டு கைகளாலும் காதுகளைப் பொத்தினார். உரசல் அதிகமானது.

மலிகா டேப்புகளைப் பார்த்தாள், கிழிந்த தாளைப் பார்த்தாள். “தம்பிகிட்ட உள்ளத சொல்லிடலாங்க,” என்றாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கிழிசலின் பின்னால் மெல்லிய காகிதம் ஒட்டினார். கறுப்பு மை தொட்டு மறைத்தார். இரண்டு கோன்களையும் ஒட்டி ஒரு நாள் காயவைத்தார். வெள்ளிக்கிழமை காலை, மூலையில் கிடந்த வேறொரு ஸ்பீக்கரின் இடுக்கில் டேப்பை விட்டுக் கறுப்பாக எடுத்து மேஜைமேல் வைத்தார். மலிகா அதைப் பார்த்துவிட்டுக் கடையைப் பெருக்கினாள்.

ஜெரி தொழுகை நேரம் முடிந்து வந்தான். பசை வாசனை பிடித்தவுடனே முகம் மாறியது.

“கோன தொட்டியா பாய்?”

“ஒரசிச்சி. அப்டியே எப்டி குடுக்கறது? இத்த பாரு.” மஜீது டேப்பை நீட்டினார்.

ஜெரி அதை விரலில் தேய்த்துப் பார்த்தான். “பெரம்பூர்ல ஏது பாய் சாம்பலு?”

“ரயில் ஷெட்டுப் பக்கம். இரும்புத் தூளு. அங்கயும் வரும்.”

ஜெரி டேப்பை மறுபடி திருப்பிப் பார்த்தான். பாதி நம்பியது போலத்தான் இருந்தது. “சரி, போடு. கேப்போம்.”

பாட்டு வந்தது. ஜெரி முதலில் வலது பெட்டி முன்னால் உட்கார்ந்தான், பிறகு இடது பெட்டி முன்னால். அங்கே தலையைத் தூக்கினான். கோனை மையம் தப்பி ஒட்டியிருந்ததால் கம்பிச் சுருள் இப்போது காந்தத்தில் நிஜமாகவே இடித்தது. பாட்டின் ஒவ்வொரு தாளத்தட்டுக்கும் தகரத்தைக் கீறுவது போலச் சத்தம் வந்தது. வாசலில் நின்ற மலிகாவுக்குக் கேட்டது. எதிர்ப்பக்கத்து டீக்கடைக்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

“இது இன்னா சொல்ற பாய்?” ஜெரி கையால் பெட்டியைக் காட்டினான்.

மஜீது குனிந்து கவனித்தார். ஒரு நிமிடம் முழுதாகக் கேட்டார். “இப்ப சுத்தமா கீது,” என்றார்.

ஜெரி அவரைப் பார்த்தான். பிறகு மலிகாவைப் பார்த்தான். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். அவன் எழுந்து பாட்டை நிறுத்தினான். இரண்டு பெட்டிகளையும் போர்வையில் சுற்றினான். ஆட்டோவில் வைக்கும்போது மஜீது ஒரு பக்கம் பிடித்தார். “விடு பாய், நான் பாத்துக்கறேன்,” என்றான். கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று மஜீது நினைத்தார்.

ஆட்டோ போன பிறகு மலிகாவிடம் கேட்டார். “இன்னா ஆச்சி?”

“ஒரசிச்சிங்க.”

“எது?”

“எடது பொட்டி. தெருவுக்கே கேட்டுச்சி.”

“எனுக்கு ரெண்டும் ஒண்ணாதான் கேட்டுச்சி.”

“தெரியும்.”

அவர் கறுப்பு டேப்பை உருட்டிக் குப்பையில் போட்டார்.

அடுத்த மாதம் ஜெரி வரவில்லை. அதற்கடுத்த மாதமும் வரவில்லை. மஜீது போன் போட்டார். எடுத்தான், பேசினான். சொற்கள் பிரியவில்லை. போனை மலிகாவிடம் கொடுத்தார். அவள் “ம்” என்றாள், “சரி தம்பி” என்றாள், வெகுநேரம் சும்மா கேட்டுக்கொண்டிருந்தாள்.

“இன்னா சொல்றான்?”

“வேல வந்தா சொல்றேன்றாரு.”

“இவ்ளோ நேரம் அத்தயேவா சொன்னான்?”

“ஆமா,” என்றாள். “அவ்ளோதான்.”