விதைக்கு விட்ட கீரை

வேரோடு பிடுங்கிய தண்டுக்கீரையைக் கோப்பை வாங்கியவள் போலத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நான் சிரிக்கும் படம்தான் எங்கள் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் முதலில் வந்த படம். பல்கலைக்கழகத்தில் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. புது மாணவர்கள் பழகிக்கொள்ளட்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை துறையில் பஸ் வைத்து எங்களைக் கூட்டிப்போனார்கள். போன இடம் எங்கள் நெய்வேலி. மந்தாரக்குப்பத்தை ஒட்டி, காண்ட்ராக்ட் தொழிலாளர் குடும்பங்கள் சில சேர்ந்து பயிர்செய்யும் கூட்டுத் தோட்டம். பஸ்ஸில் நான் உட்காரவே இல்லை. அதோ மைன்ஸ், அதோ மண்மேடு, எங்கள் பிளாக் அந்தப் பக்கம் என்று கத்திக்கொண்டே வந்தேன். சுரங்க ஊழியர்களின் டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்த எனக்கு அந்த மண்ணில் தெரியாதது எதுவும் இல்லை என்று உண்மையாகவே நம்பினேன். அந்தத் தோட்டத்தில் அதற்குமுன் ஒருநாளும் கால் வைத்ததில்லை.

புடவைமேல் முழுக்கைச் சட்டை போட்டிருந்த ஒரு அக்காவிடம் என்னை விட்டார்கள். "இந்தப் பாத்தியில புல்லு மட்டும் எடு கண்ணு. தோ, ஒங்களுக்கு மோர் எடுத்துக்கினு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு எதையும் நிதானமாகச் செய்யத் தெரியாது. புல்லை முடித்துவிட்டுப் பக்கத்துப் பாத்தியைப் பார்த்தேன். இடுப்புயரத்துக்கு வளர்ந்து, பழுத்த இலையும் சொரசொரப்பான கதிருமாக ஏதோ நின்றது. கவனிப்பாரில்லாமல் காடாகிவிட்டது என்று நினைத்து, கேட்காமல் கொள்ளாமல் மொத்தத்தையும் பிடுங்கிப் போட்டேன். "டவுன்ஷிப் பொண்ணைப் பாருங்கப்பா!" என்று கூட வந்திருந்த எங்கள் ஆசிரியர் கைதட்டினார். படம் எடுத்தது அப்போதுதான்.

மோர்க்குடத்தோடு வந்த அக்கா முதலில் அதைச் சிந்தாமல் இறக்கிவைத்தார். பிறகு ஒரு கதிரை உள்ளங்கையில் தேய்த்து ஊதிப் பார்த்தார். கறுத்திருக்க வேண்டிய விதை வெளிறிக் கிடந்தது. "முத்தலியே" என்றார், யாரிடம் என்றில்லாமல்.

அந்தத் தோட்டத்தில் கீரை விதையைக் கடையில் வாங்குவதில்லை. முறைவைத்து ஒரு வீடு ஒரு பாத்தியைப் பறிக்காமல் விதைக்கு விட்டுக் காத்து, எல்லா வீட்டுக்கும் பங்கிட வேண்டும். அந்தப் பாத்தியைக் கையில் கொடுத்தால்தான் தோட்டத்தில் ஒருத்தியாகச் சேர்த்துக்கொண்டதாக அர்த்தம். புதிதாகச் சேர்ந்திருந்த அந்த அக்காவுக்கு அது முதல் முறை. இதெல்லாம் அடுத்த சில நிமிடங்களில், அவரைத் தோட்டத்துப் பெண்கள் திட்டிய திட்டிலிருந்துதான் எனக்குத் தெரிந்தது.

"ஒரு பாத்தியப் பாத்துக்கச் சொன்னா அதையும் வுட்டுட்டு எங்கடி போன?" என்றார் குழுத் தலைவி.

"மோர் ஊத்திப் பேர் வாங்கப் போனா மகராசி" என்று இன்னொருத்தி சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

"அவங்க மேல தப்பில்லைங்க. நான்தான் கேக்காம புடுங்கிட்டேன்" என்றேன்.

தலைவி என் கன்னத்தைத் தடவினார். "நீ படிக்கிற புள்ள. ஒனக்கு இன்னா தெரியும்? போய்ச் சாப்புடு கண்ணு." அதே மூச்சில் அக்காவிடம் திரும்பினார். "அடுத்த தபா வெதப் பாத்திய வேற வூடு பாக்கட்டும்."

பந்தியில் உட்கார்ந்த பிறகு நான் மறுபடியும் வாயைத் திறந்தேன். என் இலையில் இன்னொரு கரண்டி சாம்பார் விழுந்தது. விருந்தாளியைத் திட்டக் கூடாது என்பதில் அவர்கள் அத்தனை உறுதியாக இருந்தார்கள். எனக்கு விழவேண்டிய திட்டை வாங்கிக்கொண்டு அந்த அக்காதான் எங்களுக்கு மோர் ஊற்றினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, வடலூரில் வாங்கிய விதைப் பாக்கெட்டோடு தனியாகப் போய் நின்றேன். அக்கா அதைக் கையில் வாங்கவில்லை.

"கடை வெத இங்க ஆவாது கண்ணு."

"தலைவிகிட்ட நான் இன்னொரு தடவ பேசிப் பாக்கறேங்க்கா."

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். "வேணாம். இப்பதான் அந்தப் பேச்சு அடங்கி, எங்கூட ரெண்டு பேரு மொகம் குடுத்துப் பேசறாங்க. நீ வந்து நின்னா திரும்பக் கெளம்பும். இனிமே வராத, இன்னா?"

அவர் குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் பதிலுக்கு மன்னிப்பாவது கேட்டிருப்பேன். தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன்.

இப்போது சென்னையில் வேலை. ஊருக்கு வரும் பஸ் அந்தத் தோட்டத்தைச் சுற்றித்தான் திரும்புகிறது. விதைப் பாத்தி அவர் கைக்குத் திரும்பி வந்ததா என்று எனக்குத் தெரியாது. தெரிய வேண்டுமென்றால் இறங்கிக் கேட்க வேண்டும். திருப்பத்தில் பஸ் மெதுவாகும்போது, வரப்பில் யாராவது நிமிர்ந்து என்னைப் பார்த்துவிடுவார்களோ என்று, கழன்றிராத செருப்பு வாரைக் குனிந்து மாட்டிக்கொண்டிருப்பேன்.