சிலந்தி ஒரு தடவைதான் கடித்தது

எங்கள் அக்காவுக்குத் தப்பே வராது என்று எல்லோரும் சொல்வார்கள். கேட்டுக் கேட்டு எனக்குப் புளித்துப்போயிற்று. ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் இருபத்திரண்டு வருடமாக ரத்தக் குழாய்களுக்குச் சீட்டு ஒட்டுகிறாள். ஒருவர் ரத்தம் இன்னொருவர் பேரில் போனதில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அதே கையால் எங்கள் சாப்பாட்டு மேஜையில் ஒரு ராஜ்ஜியத்தையே நடத்துவாள்.

விளையாட்டு இதுதான். நான், நெட்டையன், தையல்காரர், அவர் மனைவி, நான்கு பேருக்கும் ஆளுக்கொரு வீரன். மீதி உலகம் பூராவும், பூதம், மழை, மன்னர் எல்லாம், அக்கா. என்ன செய்கிறோம் என்று நாங்கள் சொல்வோம். பலிக்குமா என்று பகடை சொல்லும். நடந்ததை அவள் எழுதுவாள். அட்டைத் தடுப்புக்குப் பின்னால் அவள் பரப்பி வைத்திருப்பதைப் பார்த்தால் தலை சுற்றும். மிருகத்துக்கு ஓர் அட்டை, யார் முறை என்று காட்டத் தடுப்பின் விளிம்பில் துணிக் கிளிப்புகள், கதைக்குள் ஓடும் நாட்களுக்குத் தனி நாட்காட்டி, அடிபட்டால் குறைந்து பூஜ்யமானால் சாவு என்கிற எங்கள் ஒவ்வொருவரின் உயிர்ப்புள்ளிக்கும் ஓர் அட்டை. அதே கணக்கை நாங்களும் அவரவர் தாளில் வைத்துக்கொள்வோம். சண்டை நடக்கும்போது பென்சில். மாதக் கடைசியில் எல்லாவற்றையும் பேனாவால் பெரிய நோட்டில் ஏற்றுவாள். ஒன்பது வருடத்தில் பதினோரு நோட்டு ஆகிவிட்டது.

மூன்று வாரத்துக்கு முன்னால் நெட்டையனின் கோடரிக்காரன் ஒரு ராட்சதச் சிலந்தியிடம் செத்துப்போனான். நெட்டையன் அக்காவோடு பள்ளியில் படித்தவன். ஸ்கூல் வேன் ஓட்டுகிறான். ஒன்பது வருடமும் அந்த ஒரே ஆள்தான் அவனுக்கு. செத்தவனின் தாளை ஆடியவனே கிழிக்க வேண்டும் என்பது எங்கள் மேஜையின் வழக்கம். கிழித்தான். "சரி" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டுப் போனவன், அப்புறம் தலையே காட்டவில்லை. இந்த ஞாயிறு காலையில்தான் போன் வந்தது.

"மூணு மணி ஆட்டத்துக்கு முன்னாடி வரேன். இனிமே வருவேனா மாட்டேனான்னு நேர்லயே சொல்லிடறேன்."

அக்கா போனை வைத்தாள். மாதக் கடைசி, பேனாவால் ஏற்றும் நாள். நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். இரண்டு மணிக்கு அவள் பேனா நின்றது.

"ஏய், இங்க வா. இதப் பாரு."

சிலந்தியின் அட்டையில் கடி ஒன்று. கோடரிக்காரன் அட்டையில் அதே கடி இரண்டு வரி. அன்றைக்கு நடுவில் டீ குடிக்க எழுந்திருந்தோம். திரும்பி வந்து உட்கார்ந்தவள் எழுதியதையே மறுபடி எழுதியிருக்கிறாள். ஏழு புள்ளி அநியாயமாகக் கழிந்திருக்கிறது.

"அவன் சாகலடி," என்றாள். "நான்தான் கொன்னுட்டேன்."

"வாயை மூடிக்கிட்டு இரு," என்றேன். உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், எனக்கும் இதில் ஆதாயம் உண்டு. கோடரிக்காரன் போனதும் எங்கள் வீரர் கூட்டத்துக்குத் தலைவி நான்தான். "உன் நோட்டுதான் இங்க சட்டம். இதை மட்டும் சொன்னேன்னு வை, ஆளாளுக்குப் பழைய சாவையெல்லாம் தோண்டிக்கிட்டு வருவாங்க. அவனும் உன்னைக் காறித் துப்பிட்டுப் போவான்."

"சொல்லலைன்னா?"

"அப்பவும் போவான். திட்டாம போவான்."

சிலந்தி அட்டையில் இன்னொரு கோடு கிழித்தால் இரண்டு அட்டையும் ஒத்துப்போய்விடும். அக்கா பென்சிலை எடுத்தாள். முனையை அட்டையில் வைத்தாள். இவள் இதைச் செய்துவிட்டால் அப்புறம் எதை நம்புவது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த நேரம் பார்த்து வாசல் மணி அடித்தது.

நெட்டையன் உள்ளே வந்தும் உட்காரவில்லை. பகடைப் பையை மேஜைமேல் வைத்தான். "இத வச்சுக்க..." என்று ஆரம்பித்தான்.

அக்கா இரண்டு அட்டைகளையும் அவன் முன்னால் தள்ளினாள். "உன் ஆள் சாகல. ஒரு கடியை ரெண்டு தடவை எழுதிட்டேன். தப்பு என்னோடது."

அவன் அட்டையைத் தொடக்கூட இல்லை. "மூணு," என்றான்.

"என்ன மூணு?"

"மிச்சம் மூணு புள்ளி. என் தாள்லயும் மூணுதான் இருந்துச்சு."

"அட பாவி! அப்ப ஏன்டா சொல்லல?"

"நீ செத்துட்டான்னு சொன்ன. உனக்கு என்னிக்குத் தப்பியிருக்கு? எனக்குத்தான் கழிக்கத் தெரியலன்னு அழிச்சுட்டுப் பூஜ்யம் போட்டேன். வீட்டுக்குப் போயி திரும்பத் திரும்பக் கழிச்சுப் பார்த்தேன். எத்தனை தடவை பண்ணாலும் மூணுதான் வருது. என்மேலயே நம்பிக்கை போயிடுச்சு. வேன்ல ஏத்துன பிள்ளைங்களை ரெண்டு ரெண்டு தடவை எண்றேன்."

"உனக்கு வாய் இல்லையாடா?"

"உன் முன்னாடி இல்ல."

அக்கா அழுதாள். அவள் அழுது நான் பார்த்ததில்லை. பிறகு அவளே முகத்தைத் துடைத்துக்கொண்டு புதுத் தாள் ஒன்றை எடுத்து, "கோடரிக்காரன்" என்று எழுதினாள்.

நெட்டையன் தடுப்பைச் சுற்றி வந்தான். ஆட்டத்தின்போது நாங்கள் யாரும் போகாத அந்தப் பக்கத்தில், அவளுக்கு அருகில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"மூணுன்னு போடு," என்றான். "நான் பாத்துக்கிட்டே இருக்கேன்."