வாய் திறந்த வயிற்றுப் புலி

கடை ஷட்டரைத் தூக்கியதும் இனாசேட்டன் சட்டைப் பொத்தான்களைக் கழற்றி, தன் வயிற்றில் இரண்டு தட்டு தட்டிக் காது கொடுத்துக் கேட்பார். அதற்கப்புறம்தான் அடுப்புக்குத் தீ. கொதிக்கிற தேங்காயெண்ணெய்க்கு மேலேயே நேந்திரங்காயைச் சீவித் தள்ளி, உப்புத் தண்ணீரை ஒரு கை வீசுவார். எண்ணெய் சீறித் தெறிக்கும். மனுஷர் நகர மாட்டார். "இது புலி வயிறுன்னு அதுக்கும் தெரியும்" என்பார்.

திருச்சூரில் வயிறு ஒருவருடைய சொந்த விஷயம் இல்லை. நாலாம் ஓணத்தன்று புலிக்களிக்காக ஒவ்வொரு பேட்டையும் புலிவேஷம் கட்டிய தன் ஆட்களை ஊர் நடுவிலுள்ள ரவுண்டு சாலையில் இறக்கும்போது, பானை வயிறுதான் பேட்டையின் மானம். அதில் புலி முகம் எழுதிக் கொட்டுக்குக் குலுக்க வேண்டும். எங்கள் பேட்டைக்கு முன்வரிசைப் புலி இனாசேட்டன்தான். எதிரே பாத்திரக்கடை வைத்திருக்கும் நான் நாகர்கோவிலிலிருந்து வந்தவன். அந்த வயிற்றைச் சொல்லி நானும் மற்ற பேட்டைக்காரர்களிடம் வம்பளந்திருக்கிறேன்.

பிறகு அவருக்குச் சர்க்கரை வியாதி வந்தது. டாக்டர் சொன்னது கொஞ்சம். இனாசேட்டன் மனைவி கொச்சுத்ரேசியா சேச்சி செய்தது அதிகம். வெல்லப்பாகில் நேந்திரங்காய்த் துண்டுகளைப் போட்டுச் சர்க்கரவரட்டியை நாள் முழுக்கக் கிளறுகிற மனுஷருக்கு அதில் ஒரு துண்டு கிடையாது. சேச்சி கடையிலேயே காவல் உட்கார்ந்துவிட்டார். ஒரு வருஷத்தில் வயிறு வற்றி, தோல் மட்டும் மடிந்து தொங்கியது. காலையில் தட்டினால் ஈரத்துணியைத் தட்டுகிற மாதிரி 'சப்'பென்றுதான் கேட்கும். அப்படியும் தட்டுவதை அவர் விடவில்லை.

போன ஓணத்துக்கு முன்னால் புலிக்களிக் குழுவின் தலைவர் சதானந்தன் கடைக்கு வந்தார்.

"சேட்டா, தப்பா நினைக்காதீங்க. இந்த வருஷம் நீங்க முன்னாடி பேனர் பிடிச்சுட்டு வந்தா போதும்."

"எடா, பேனர் பிடிக்கிற புலியை எங்கயாவது பாத்திருக்கியா?"

"வயிறு எங்க சேட்டா? எதுல போய் முகம் எழுதறது?"

இனாசேட்டன் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். அன்று வறுத்ததெல்லாம் கருகிப்போனது. வேஷம் இல்லாத ஓணம் அவருக்கு ஓணமே இல்லை.

ஆனால் நாலாம் ஓணத்து விடியலில், உடம்பு முடியை மழித்துக்கொண்டு வேஷ வரிசையில் போய் நின்றுவிட்டார். பெயின்ட் எழுதுகிற ராவுண்ணி தூரிகையும் கையுமாகத் திகைத்தார்.

"இதுல எழுதினா கிழட்டுப் பூனையாட்டம் இருக்கும் சேட்டா."

இனாசேட்டன் மூச்சை இழுத்து நெஞ்சை நிமிர்த்தினார். தொங்கிய மடிப்பு விரிந்தது. மூச்சை விட்டார், மூடியது.

"இப்ப என்ன தெரியுது?"

ராவுண்ணி குனிந்து பார்த்தார். "என் அம்மே... வாய்!"

மடிப்புக்குள்ளே ரத்தச் சிவப்பு, இரண்டு ஓரத்திலும் பற்கள். பெயின்ட் காயும்வரை இனாசேட்டன் உட்காராமல், கையை விரித்தபடியே நின்றார். பிறகு புலி முகமூடியை மாட்டிக்கொண்டார்.

சாயங்காலம் ரவுண்டில் கொட்டு முழங்கியது. எல்லாப் பேட்டையின் பானை வயிறுகளும் குலுங்கின. அவற்றால் குலுங்கத்தான் முடிந்தது. எங்கள் புலி வாயைத் திறந்தது. கூட்டத்தில் எழுந்த கூச்சலில் கொட்டுச் சத்தமே காணாமல் போனது. மற்ற பேட்டைக்காரர்கள் தங்கள் புலிகளை அம்போவென்று விட்டுவிட்டு எங்கள் புலிக்குப் பின்னால் ஓடிவந்தார்கள். சதானந்தன் பேனரை யார் கையிலோ திணித்துவிட்டு ஆடத் தொடங்கினார். "அது எங்க புலி! எங்க புலி!" என்று கத்திக் கத்தி எனக்குக் குரலே போய்விட்டது. இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

கொச்சுத்ரேசியா சேச்சி கூட்டத்தைத் தடுக்கக் கட்டிய கயிற்றை ஒட்டி என் பக்கத்தில் நின்றிருந்தார். புலி நேரே வந்து, அவர் எதிரில் நின்று, வயிற்று வாயை அகலத் திறந்தது.

"போதும் மனுஷா, ஊரே பாக்குது."

சொல்லிக்கொண்டே சேச்சி கைப்பையைத் துழாவினார். ஒரு துண்டு சர்க்கரவரட்டியை எடுத்தார். முகமூடிப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல், குனிந்து, அந்தச் சிவப்பு வாய்க்குள் வைத்தார்.

புலி மெல்ல மூச்சை விட்டது. வாய் மூடிக்கொண்டது.