கூலிக்கு அழுதவளின் தொண்டை

தைவானில் எங்கள் ஹூவெய் பக்கம் சாவு வீடுகளில் கூலிக்கு அழுகிறவர்களில் சியூமெய்யை மிஞ்ச ஆள் கிடையாது. வெள்ளை முக்காடு போட்டு, மைக்கைப் பிடித்து, சவப்பெட்டிவரை முழங்காலிலேயே தவழ்வாள். அழ முடியாத மகளுக்குப் பதில், அந்த மகளாகவே பேசி அழுவாள். பக்கத்தில் கீபோர்டு வாசிப்பவன் நான்.

ஊதுபத்திப் புகையில் அவளுக்கு மூச்சிரைப்பு வந்தது. பந்தலுக்கு வெளியே இன்ஹேலரை இழுத்துவிட்டு அப்படியே உள்ளே போய்விடுவாள். இன்ஹேலர் தொடங்கிய மூன்றாம் மாதம் குரல் கம்மியது. சோறு விழுங்கினால் முள்ளாகக் குத்தியது, எதிலும் ருசியில்லை. மருந்துக்கடையில் ஆன்டிபயாட்டிக் வாங்கிப் போட்டாள். தொண்டை இன்னும் மோசமானது.

அதே தொழில் செய்யும் போகிம்முக்கு இது போதுமாக இருந்தது. "பொய்யா அழுதா ஆவி சும்மா விடுமா? அக்கா கழுத்தப் புடிச்சிருச்சு" என்று சடங்கு ஏற்பாட்டாளர்களிடமெல்லாம் ஓதினாள். வேலை மொத்தமும் அவளிடம் போனது. எனக்கே வயிறு எரிந்தது.

கடைசியில் டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் வாய்க்குள் விளக்கடித்துப் பார்த்தார். தொண்டையெல்லாம் தயிர் அப்பியதுபோல வெள்ளைத் திட்டு. சுரண்டிய இடத்தில் ரத்தம் கசிந்தது.

"பூஞ்சைக் காளான்மா. இன்ஹேலர் மருந்து தொண்டையிலயே தங்கிடுச்சு. அந்த மாத்திர நல்ல கிருமியயும் கொன்னுடுச்சு. இழுத்ததும் வாய் கொப்பளிச்சுத் துப்ப மாட்டீங்களா?"

"சாவு வீட்டுலயா டாக்டர்? செத்தவங்க மூஞ்சியில துப்புன மாதிரி ஆயிடாதா?"

"அப்ப வீட்லயே இழுத்து, துப்பிட்டுக் கெளம்புங்க."

இரண்டு வாரம் மருந்தை வாயில் நிறுத்தி விழுங்கினாள். குரல் திரும்பியது. கோபம் மட்டும் ஆறவில்லை. "அவ கட்டுன கதைய அவ பேராலயே அவுக்குறேன்" என்றாள் என்னிடம்.

அந்தக் குளிர்காலத்தில் போகிம்மின் தாய் செத்தாள். ஊரார் தாய்களுக்கெல்லாம் அழுதவளுக்குச் சொந்தத் தாய்க்கு ஒரு சொட்டு வரவில்லை. போகிம் எவ்வளவு மறுத்தும் அவள் அண்ணன் சியூமெய்யைத்தான் அழைத்தார்.

சியூமெய் தவழ்ந்தாள். வழக்கப்படி போகிம்மும் பின்னால் தவழ்ந்தாள். ஒலிபெருக்கியில் சியூமெய்யின் குரல் கணீரென்று எழுந்தது.

"அம்மா, உன் மக போகிம் வந்திருக்கேன். உங்கிட்ட மறைக்க மாட்டேன். சியூமெய் அக்கா தொண்ட நோவுல கெடந்தப்ப, ஆவி புடிச்சிருச்சுன்னு நாந்தான் கத கட்டுனேன். அவ சோத்தப் புடுங்கித் தின்னேன். மன்னிச்சிரும்மா."

ஏற்பாட்டாளர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சவப்பெட்டி முன்னால் எந்த மகளும் எழுந்து மறுத்துப் பேச முடியாது. ஒவ்வொரு மன்னிப்புக்கும் மகளின் நெற்றி தரையில் பட வேண்டும். எனக்குத் துளி இரக்கமும் வரவில்லை.

போகிம் நெற்றியை வைத்தாள். சியூமெய் மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடியும் மன்னிப்புக் கேட்டாள்.