காணாமல்போன ஒன்பது படங்கள்

உத்தமபாளையத்தில் ஒரு வக்கீலிடம் நான் குமாஸ்தாவாக இருந்தபோது எங்கள் ஆபீஸுக்கு ஒரு டிஜிட்டல் கேமரா வந்தது. இரண்டாயிரத்து ஏழோ எட்டோ, சரியாக நினைவில்லை. வக்கீலின் மச்சினர் வெளிநாட்டில் வாங்கி நாலைந்து வருஷம் புழங்கியது. புதுசு வாங்கியதும் பழசை அக்கா வீட்டுக்காரரிடம் தள்ளிவிட்டுப் போயிருந்தார். சோப்புப் பெட்டி அளவு, வெள்ளி நிறம். அடிமூடியின் கொக்கி உடைந்து, பேட்டரி விழாமலிருக்க ஒரு ரப்பர் பேண்ட் போட்டிருந்தது.

எனக்கு அதை முதல் நாளே பிடிக்கவில்லை. படம் பிடித்தால் பிலிம் இருக்க வேண்டும், பிலிமைக் கழுவினால் நெகட்டிவ் இருக்க வேண்டும். நெகட்டிவ் என்பது மூலப்பத்திரம் மாதிரி. இதில் அது இல்லை. ஒரு பொத்தானை அமுக்கினால் எடுத்த படம் எடுக்காத படமாகிவிடும். கைநாட்டை மாற்றியவர்களையும் உயிலில் ஒரு வரியைச் செருகியவர்களையும் இருபது வருஷமாகப் பார்த்தவன் நான். எந்தக் காகிதத்தையும் இரண்டு தடவை திருப்பிப் பார்க்காமல் நம்பமாட்டேன். மனிதர்களையும் அப்படியே பார்த்துப் பழகிவிட்டது.

கேமராவும் என் சந்தேகத்துக்குத் தோதாகவே நடந்துகொண்டது. பெட்டிக்கடையில் விற்கிற பென்சில் பேட்டரியைப் போட்டால் நாலு படத்தில் செத்துப்போகும். சார்ஜ் ஏற்றுகிற பேட்டரி தாங்கும், ஆனால் உள்ளேயே விட்டுவைத்தால் தானாக இறங்கிவிடும். அதனால் வேலை முடிந்ததும் கழற்றி வைத்துவிடுவேன். கழற்றினால் தேதி போய்விடும். மறுபடி போடும்போது என்றைக்கோ கழிந்துபோன ஒரு ஜனவரி ஒன்றாம் தேதியைக் காட்டிக்கொண்டு நிற்கும், ஒவ்வொரு தடவையும் நாள் மாதம் வருஷம் எல்லாம் திருத்த வேண்டும். சில நேரம் லென்ஸ் பாதி வெளியே வந்து கிர்ரென்று முனகி நின்றுவிடும். பத்திரத்தைக் கிட்டத்தில் வைத்து எடுத்தால் எழுத்தெல்லாம் கலங்கும். பூப் படம் போட்ட பொத்தானை அமுக்கிவிட்டு எடுத்தால் தெளியும் என்பதைக் கண்டுபிடிக்கவே எனக்கு ஒரு மாதம் ஆனது. எல்லாம் நானாகத் தட்டித் தடவிக் கற்றதுதான். அலமாரிச் சாவியையும் நானே வைத்துக்கொண்டேன்.

ஆபீஸில் என்னைத் தவிர இருந்தது டைப்பிஸ்ட் மட்டும். ராயப்பன்பட்டிப் பெண், முப்பது வயதுக்குள்தான் இருக்கும். ஷார்ட்ஹேண்ட் படித்தவள். காலையில் பஸ்ஸில் வந்து இறங்கினால் சாயங்காலம்வரை மெஷினைவிட்டு எழுந்திருக்கமாட்டாள். அதிகம் பேசவும் மாட்டாள். பேசாதவர்கள் எதையோ மறைக்கிறார்கள் என்பது அன்றைக்கு என் கணக்கு.

அந்த வருஷம் பண்ணைப்புரத்துக்குப் பக்கத்தில் ஒரு தென்னந்தோப்பு வழக்கு. சித்தப்பா மகனும் பெரியப்பா மகனும் எல்லைக்கு அடித்துக்கொண்டார்கள். எல்லைக்கல்லைப் பிடுங்கித் தள்ளி நட்டுவிட்டான் என்று சித்தப்பா மகன் கேஸ் போட்டிருந்தார். கல் ஆதியிலிருந்தே அங்கேதான் நிற்கிறது என்றார் பெரியப்பா மகன். நேரில் பார்த்து அறிக்கை கொடுக்கும்படி கோர்ட் எங்கள் வக்கீலைக் கமிஷனராகப் போட்டது. எந்தப் பக்கமும் சேராத ஆள் என்ற நம்பிக்கையில் கொடுக்கிற வேலை அது.

மூன்று பேரும் போனோம். அளக்கிற டேப் பிடிக்க நான், குறிப்பு எழுத டைப்பிஸ்ட். கமிஷன் வேலையில் படம் பிடிப்பதை மட்டும் வக்கீல் யாரிடமும் விடமாட்டார். மலைப்பக்கமிருந்து சாரல் விழுந்துகொண்டிருந்தது. தோப்பு, பாதை, வாய்க்கால் என்று பதினாலு படம் ஆனபிறகு அந்தக் கல்லுக்கு வந்தார். அடியில் மண் புதுசாக இருந்தது. சுற்றிலும் புல் கருகாமல் அப்படியே மண்ணுக்குள் அமுங்கிக் கிடந்தது, கல்லை நட்டு அதிக நாளாகவில்லை. அதைப் பிடிக்கும் நேரம் பார்த்து லென்ஸ் முனகிக்கொண்டு நின்றது.

"பாய், இங்கிட்டு வாங்கய்யா, இது மறுபடி மக்கர் பண்ணுது" என்று என்னைக் கத்திக் கூப்பிட்டார்.

நான் டேப்பின் மறுமுனையில், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் நின்றேன். அதற்குள் டைப்பிஸ்ட், "பாய் வர்றதுக்குள்ள மழை வலுத்துரும் சார், இங்கன குடுங்க" என்று வாங்கினாள். ரப்பர் பேண்டை உருவி, பேட்டரியைக் கழற்றி, முந்தானையில் துடைத்துப் போட்டு, லேசாகத் தட்டிக் கொடுத்தாள். லென்ஸ் வெளியே வந்துவிட்டது. வக்கீல் ஒன்பது படம் எடுத்தார். கல், அடிமண், கல்லுக்கு இருபுறமும் அண்ணன் தம்பி இருவரும் நிற்பது, எல்லாம்.

சாயங்காலம் ஆபீஸுக்கு வந்து வழக்கம்போல பேட்டரியைக் கழற்றினேன். பக்கத்துத் துளையில் மெமரி கார்டு நகக்கண் அளவு தூக்கிக்கொண்டிருந்தது. கட்டைவிரலால் அமுக்கினேன். டிக்கென்று உட்கார்ந்தது. அதைப் பெரிதாக நினைக்காமல் அலமாரியைப் பூட்டிவிட்டுப் போனேன்.

மறுநாள் ஸ்டுடியோவில் பிரிண்ட் போடக் கொடுத்தால், பதினாலுதான் வந்தது.

"இம்புட்டுத்தான் பாய் இருக்கு" என்றான் கடைக்காரன்.

கல் இல்லை. அடிமண் இல்லை. எது இல்லாமல் போனால் பெரியப்பா மகனுக்கு லாபமோ, சரியாக அந்த ஒன்பதும் இல்லை.

"நீங்க பிடிச்சீகளா இல்லையா சார்?" என்று வக்கீலைக் கேட்டேன்.

"பிடிச்சேன்யா. ரெண்டு பேரையும் நிக்க வச்சுல்ல பிடிச்சேன்."

"அப்ப யாரோ அழிச்சிருக்காக."

அலமாரிச் சாவி என்னிடம் இருந்தது. என்னைத் தவிர அந்தக் கேமராவைத் திறந்தது ஒரே ஆள். அவளுடைய அக்கா பண்ணைப்புரத்தில்தான் வாக்கப்பட்டிருக்கிறாள் என்று எப்போதோ காதில் விழுந்தது அந்த நேரம் பார்த்து ஞாபகம் வந்தது.

மறுநாள் வயிற்றுவலி என்று லீவு சொல்லிவிட்டுப் பண்ணைப்புரத்துக்குப் பஸ் ஏறினேன். டீக்கடையில் விசாரித்து அந்த அக்கா வீட்டைக் கண்டுபிடித்தேன். இந்தப் பக்கம் ஒரு வேலையாக வந்தேன், தங்கச்சி ஆபீஸ்தான் என்றதும் அந்த அம்மா உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துக் காபி கொடுத்தது. காபியைக் குடித்துக்கொண்டே சுவரைத் துழாவினேன். பெரியப்பா மகனுடைய உரக்கடைக் காலண்டர் தொங்கியது.

"அவுகளைத் தெரியுமாம்மா?" என்றேன், சும்மா கேட்கிற மாதிரி.

"தெரியாமயா? ரொம்ப நல்ல மனுசன். என் மகளுக்குப் பாம்பு கடிச்சப்ப அவுக வண்டியிலதான் தூக்கிப் போட்டுக்கிட்டுப் போனாக. அவுக இல்லாட்டி பிள்ளை இல்ல."

இதற்குமேல் எனக்கு என்ன வேண்டும்? திரும்பி வருகிற பஸ்ஸில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதைச் சொல்ல இப்போது கூசுகிறது. ஆனால் இருந்தது. முடிச்சை அவிழ்த்துவிட்ட சந்தோஷம்.

வக்கீலிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் நம்பவில்லை. "நல்ல பிள்ளைய்யா அது" என்றார். நான் காலண்டரைச் சொன்னேன், வண்டியைச் சொன்னேன், முந்தானையால் மறைத்துக்கொண்டு துடைத்ததைச் சொன்னேன். அவள் மறைக்கவில்லை, துடைத்தாள், அவ்வளவுதான். ஆனால் சொல்லும்போது என் வாயில் அப்படித்தான் வந்தது. மறுநாள் அவள் மேஜையிலிருந்த கேஸ் கட்டுகளை வக்கீல் தன் அறைக்கு எடுத்துக்கொண்டார். சாதாரணக் கடிதங்களைத் தவிர வேறு டைப் கொடுக்கவில்லை.

மூன்றாம் நாள் அவள் என்னிடம் வந்தாள். "பாய், நான் எதுவும் தப்புப் பண்ணிட்டேனா? சார் கேஸ் கட்டெல்லாம் வாங்கிட்டாக. முகம் குடுத்துப் பேச மாட்டேங்கிறாக."

"எனக்கென்னம்மா தெரியும். சார்கிட்டயே கேளு" என்றேன், அவள் முகத்தைப் பார்த்தபடியே.

அவள் போய்க் கேட்கவில்லை. கேட்காததையும் நான் குற்றத்தில் சேர்த்துக்கொண்டேன்.

அழித்ததற்கு அத்தாட்சி வேண்டுமே. அழித்த படத்தை மீட்டுக்கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுத் தேனியில் ஒரு ஸ்டுடியோவுக்குப் போனேன். கடைக்காரர் குமுளிப் பக்கத்து ஆள், பேச்சில் பாதி மலையாளம். கார்டைக் கம்ப்யூட்டரில் செருகி வெகுநேரம் பார்த்தார். எப்போதோ நானே அழித்த கல்யாணப் படங்கள்கூட வந்தன. கல் வரவில்லை.

"சேட்டா, இதில யாரும் அந்தப் படத்தை அழிக்கல்ல. இதில அது வந்நிட்டே இல்ல" என்றார்.

இவரும் ஏதோ மழுப்புகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் கேமராவை வாங்கினார். கார்டைப் போடாமலே பேட்டரியை மட்டும் போட்டு, படம் பார்க்கிற பொத்தானை அமுக்கினார். திரையை என் பக்கம் திருப்பினார்.

"இங்க நோக்கு."

கல் நின்றது. அடுத்ததை அமுக்கினார். அடிமண். அடுத்தது, குடை பிடித்தபடி பெரியப்பா மகன், துண்டைத் தலையில் போட்டபடி சித்தப்பா மகன். ஒன்பதும் இருந்தன.

கேமராவுக்குள்ளேயே கொஞ்சம் இடம் உண்டாம். கார்டு சரியாக உட்காராவிட்டால் கார்டே இல்லை என்று நினைத்து அங்கே எழுதிவிடுமாம். கார்டு உட்கார்ந்துவிட்டால் அப்புறம் கார்டில் இருப்பதை மட்டும்தான் காட்டுமாம், உள்ளே இருப்பதைக் காட்டாதாம். திரை மூலையில் அதற்கு ஒரு சின்னக் குறி இருந்தது. இத்தனை நாள் நான் அதைக் கண்டதே இல்லை. அவள் பேட்டரியைப் போடும்போது விரல் பட்டுக் கார்டு எழும்பியிருக்கிறது. படங்களை மறைத்தது அன்று சாயங்காலம் அமுக்கிய என் கட்டைவிரல்.

கடைக்காரர் படங்களைக் கார்டுக்கு ஏற்றி, சிடியும் பிரிண்ட்டும் போட்டுக் கொடுத்தார். பஸ்ஸில் பிரிண்ட்டைப் பார்த்தபோதுதான் அடுத்தது கண்ணில் பட்டது. ஒன்பது படத்தின் ஓரத்திலும் நாலு வருஷத்துக்கு முந்திய ஜனவரி ஒன்றாம் தேதி. பேட்டரி கழன்றதில் தேதி போயிருக்கிறது.

வக்கீலிடம் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன். அவர் படங்களை மேஜையில் பரப்பி ஒவ்வொன்றாகப் பார்த்தார். "அந்தப் பிள்ளைகிட்ட நீங்களே போய்ச் சொல்லுங்க" என்றார். நான் அன்று சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. வக்கீல் கட்டுகளை அவள் மேஜையில் திரும்ப வைத்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

அறிக்கை கோர்ட்டுக்குப் போனது. எதிர்பார்த்தபடியே பெரியப்பா மகனின் வக்கீல் எழுந்தார். நெகட்டிவ் எங்கே என்றார். வழக்கே பிறக்காத காலத்துத் தேதி எப்படி வந்தது என்றார். வேண்டுமென்றே யாரோ சோடித்த படம் என்றார். ஊரையெல்லாம் சந்தேகப்பட்ட என்னை அன்றைக்குக் கோர்ட்டில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். கேமராவுக்குப் பொறுப்பு யார் என்று நீதிபதி கேட்டபோது எங்கள் வக்கீல் என்னைத்தான் காட்டினார். எழுந்து நின்றேன்.

அந்த இடத்தில் எழுதிய குறிப்பு ஏதாவது உண்டா என்று கேட்டார் நீதிபதி. டைப்பிஸ்ட் தன் ஷார்ட்ஹேண்ட் நோட்டோடு முன்னால் வந்தாள். கொஞ்சமும் தடுமாறாமல் வாசித்தாள். பதினாலாவது படத்துக்குப் பிறகு கேமரா நின்றது. பேட்டரி கழற்றிப் போடப்பட்டது. கேமரா தேதி கேட்டது, மழை காரணமாகத் திருத்தவில்லை. பதினைந்தாவது படம், கல், தெற்கிலிருந்து. பதினாறாவது படம், அடிமண், புல் பச்சையாக அமுங்கியிருக்கிறது. இப்படி இருபத்து மூன்று வரை. ஒவ்வொன்றுக்கும் நேரம் போட்டிருந்தாள்.

நீதிபதி ஒரு படத்தைத் தூக்கிப் பெரியப்பா மகனிடம் காட்டினார். "கமிஷனர் வந்த அன்னைக்குக் கல்லுக்குப் பக்கத்துல குடை பிடிச்சு நிக்கிறது நீங்கதானே?"

அவர் படத்தைப் பார்த்தார். அப்புறம் அவளைப் பார்த்தார். "ஆமாங்கய்யா" என்றார்.

அறிக்கையை ஏற்றுக்கொண்டார்கள். பின்னாளில் வழக்கு சித்தப்பா மகன் பக்கம்தான் தீர்ந்தது.

அன்றைக்குக் கோர்ட் வாசலில் அவளை நிறுத்தினேன். இனியும் தள்ளிப்போட முடியவில்லை. அவள் அக்கா வீட்டுக்கு நான் போனதுவரை எல்லாவற்றையும் சொன்னேன். அவள் நோட்டை நெஞ்சோடு பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அக்கா அன்னைக்கே போன் பண்ணிச்சு பாய். உங்க ஆபீஸ்ல இருந்து ஒரு பெரியவர் வந்தாக, பாவம், நல்லா விசாரிச்சாகன்னு சொல்லுச்சு. எதுக்கு வந்தீகன்னு எனக்கு அன்னைக்கே புரிஞ்சுபோச்சு."

"பெறகு ஏம்மா என்கிட்ட வந்து அப்படிக் கேட்ட?"

"நீங்களாச் சொல்வீகளான்னு பாத்தேன்."

அவளே தொடர்ந்தாள். "அவுக எங்க அக்கா பிள்ளையக் காப்பாத்துனவக. இன்னைக்கு அவுக முன்னாடி நின்னு வாசிக்க எனக்கு எப்படி இருந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியாது. அதுக்காகக் கண்ணால பாத்த மண்ணை இல்லைன்னு எழுதச் சொல்றீகளா?" குரல் உயரவே இல்லை. பஸ் வந்ததும் ஏறிப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு அவள் கேமராவைத் தொடவில்லை. யாராவது நீட்டினால், "மேஜையில வைங்க" என்பாள். நான் தனியாக இருக்கும்போது ஒரிஜினல் பத்திரம் எதையாவது கொடுத்தால் வாங்கமாட்டாள், "சார் வரட்டும் பாய்" என்பாள். மற்றபடி மரியாதையில் ஒரு குறையும் இல்லை. பெருநாளுக்கு எங்கள் வீட்டிலிருந்து பிரியாணி கொடுத்தனுப்பினால் சாப்பிட்டுவிட்டுத் தூக்குவாளியைக் கழுவிக்கொண்டு வந்து கொடுப்பாள்.

இரண்டு வருஷம் கழித்து மதுரையில் வேலை கிடைத்துப் போனாள். கடைசி நாள் சாயங்காலம் வக்கீலிடம் சொல்லிக்கொண்டு என் மேஜைக்கு வந்தாள். தோள்பையைக் கழற்றி என் முன்னால் வைத்து ஜிப்பைத் திறந்தாள். ஒரு தண்ணீர் பாட்டில், டிபன் பாக்ஸ், ஜெபமாலை, பஸ் பாஸ்.

"பாத்துக்கிட்டீகன்னா கிளம்பிருவேன் பாய்" என்றாள்.

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நான் பையின் ஜிப்பை மூடி, எழுந்து நின்று அவள் கையில் கொடுத்தேன்.